பாண்டி பீச் ரோடு: ஆறு மணிக்கு முன்னும் பின்னும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. அந்த நேரத்தில் சாலை முழுக்க நடப்பவர்களுக்கே. மற்ற நேரத்தில் நடைபாதையோடு திருப்திப்பட வேண்டியதுதான். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி கொண்டுவருபவர்கள் தடை நேரத்தில் வந்தால் நடைபாதையில் ஏறி இறங்காமல் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். காரை டூமா வீதி, ரோமென் ரோலன் வீதிப் பக்கம் விடுங்கள். வார இறுதியில் ஐந்து மணிக்கே வந்தால்தான் அங்கேயும் இடம் கிடைக்கும்.

நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் போக இருபது நிமிடம். தெற்கே பழைய பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேயின் சிலையில் தொடங்கி வடக்கே போவது நல்லது. வழியில் பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் இயங்கும் லே கஃபே, எட்டுக் கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவகம் எல்லாம் அடுத்தடுத்து வரும். காப்பி லே கஃபேயின் காற்றுக்காகக் குடிக்கலாம். பசிக்கு வண்டிக்கடைச் சுண்டலே மேல்.

கீழ்த்திசைக் கடல் என்பதால் சூரியன் கடலில் மறையாது. கட்டடங்களுக்குப் பின்னால்தான் இறங்கும். அதனால் மாலையில் வெயில் சீக்கிரம் விலகிவிடும், படம் எடுக்க வெளிச்சமும் சப்பென்றாகும். படம் வேண்டுமென்றால் விடியலில் வாருங்கள்: மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கும், ஜனவரியில் ஆறரைக்கும் உதயம். இன்னொன்று பௌர்ணமி. சாலையை அடைக்கிற நேரத்தையொட்டியே நிலா கடலிலிருந்து எழும்பும். இந்தச் சாலையில் கிடைக்கும் ஆகச் சிறந்த காட்சி அதுதான், கட்டணமும் இல்லை.

கடலுக்குள் நீளும் பாலத்தில் நடக்கலாம் என்று வருபவர்களுக்குத்தான் ஏமாற்றம். 1866இல் கட்டிய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் கட்டிய துறைமுகப் பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மணல் எங்கே என்று கேட்காதவர் இல்லை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் துறைமுக முகத்துவாரத்தில் போட்ட அலைத்தடுப்புக் கற்சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே நகரத்துக் கரை அரித்துப் போனது. சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். பிறகு தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பை இறக்கியதில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மணலைப் பார்த்ததும் கடலில் இறங்கிவிடாதீர்கள். இழுப்பு பலமான கரை இது. கால் நனைப்பதுகூட அலையைப் பார்த்துத்தான்.

கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்வரிசைக் கல் காய்ந்து சொரசொரப்பாக இருக்கும், தைரியம் தரும். இரண்டு கல் கீழே போனால் பச்சைப் பாசி. ரப்பர் செருப்பு அதில் நிற்காது. இடுக்கில் விழுந்த கைப்பேசியை எடுக்கக் கை நுழையும், முழங்கை நுழையாது. செல்ஃபியைச் சுவருக்கு இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அலை கல்லில் மோதித் தெறிக்கும்போது கண்ணாடியிலும் கேமரா லென்ஸிலும் உப்புப் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.