இராமேசுவரத்தில் ஒரு விடுதி: அறைக்கு நான்கு நட்சத்திரம், வரவேற்பு மேசைக்கு ஒன்று

இராமேசுவரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள நடுத்தர விடுதி இது. நான் சொல்லப்போகும் குறை அந்த வட்டாரத்தில் பல விடுதிகளுக்கும் பொதுவானது என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அறையைப் பற்றிச் சொல்லக் குறையில்லை. தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வருபவர்களுக்கென்று மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே வெந்நீர் வருகிறது. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். தீவில் அதை எதிர்பார்த்துத்தான் போகவேண்டும். அமாவாசை நாட்களில் வாடகை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

மேசைக்கு வருவோம். வந்தவர் ஒவ்வொருவரின் ஆதாருக்கும் ஜெராக்ஸ் வேண்டும் என்றார் அங்கிருந்த இளைஞர். எண்பதைத் தாண்டிய என் அத்தைக்கும் விலக்கில்லை. நகல்களை வாங்கிக்கொண்ட பின், அட்டைகளைத் தம் சொந்தக் கைப்பேசியில் படமெடுத்து ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அவர் வாடகைக் கணக்கைக் கூட்டிப் போட்ட தாள் மேசையில் புரண்டபோது, அதன் மறுபக்கத்தில் முன்பு தங்கிய யாரோ ஒரு பெண்ணின் முகமும், பன்னிரண்டு இலக்க எண்ணும், வீட்டு முகவரியும் பளிச்சென்று தெரிந்தன. கேட்டேன். "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் சார், இது பார்டர் ஏரியா இல்லையா" என்றார்.

எல்லைப் பகுதி என்பதை யாரும் மறுக்க முடியாது. 2008 நவம்பர் 26 அன்று, 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்திக் கடல் வழியே வந்த பத்துப் பேர் மும்பையில் 166 பேர் சாகக் காரணமான பிறகு, நாட்டின் கடலோர மாவட்டங்கள் அனைத்திலும் கண்காணிப்பு இறுகியது. இந்தக் கரையிலும் மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டைகள் வந்தன, கடலோரக் காவல் நிலையங்கள் கூடின, 'சாகர் கவாச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாட்களில் சாலையிலும் கடலிலும் சோதனை நடக்கிறது. இவற்றைத் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். விடுதியில் அடையாளம் கேட்பதையும் அப்படித்தான்.

ஆனால் அதே மும்பைத் தாக்குதலுக்காக வேவு பார்த்த டேவிட் ஹெட்லி, தாஜ் ஓட்டலில் தங்கியபோது போலி அட்டை எதையும் நீட்டவில்லை. 2006இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டு வாங்கிய அசல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுடன் வந்துபோனார். தாக்க வந்தவர்களிடமோ போலி மாணவர் அடையாள அட்டைகள் இருந்தன. அசல் ஆவணம் வைத்திருப்பவனையும் போலி வைத்திருப்பவனையும் ஒன்றுபோலக் கடக்கவிடும் ஜெராக்ஸ் கட்டு யாரைத் தடுக்கும்? அட்டையையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் ஓரளவாவது பயன் இருக்கிறது. அந்த இளைஞர் ஒருமுறைகூட நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், அதில் அரசு தலையிடுவதானால் சட்டத்தின் துணையும், நியாயமான நோக்கமும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கொண்டு அடையாளம் சரிபார்க்க வழிசெய்த ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியையும் நீதிமன்றம் நீக்கியது. அரசுக்கே அளவு கேட்கப்படும் நாட்டில், விடுதி மேசைக்கு அளவே இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

என் பங்குக்கு ஆதாருக்குப் பதிலாக ஓட்டுநர் உரிமத்தை நீட்டியபோது, முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் நின்றது, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்திருந்த ஈழத்தமிழ்க் குடும்பம். அரசு வழங்கிய, புகைப்படத்துடன் கூடிய அகதி முகாம் அட்டையைப் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். "ஆதார் இல்லாம ரூம் தர முடியாது ஐயா" என்று அதைத் தொட்டுக்கூடப் பாராமல் சொல்லிவிட்டார் இளைஞர். அயல்நாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு விவரம் அனுப்பவேண்டும் என்ற ஏற்பாடே நடைமுறையில் இருக்கையில், அந்தக் குடும்பம் பைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனதற்குப் பாதுகாப்பு எப்படிக் காரணமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. நட்சத்திரம் குறைந்ததற்கு இதுவே முதல் காரணம். வாட்ஸ்அப் கூட இரண்டாவதுதான்.

தங்கப் போகிறவர்கள் ஆதார்தான் தருவதென்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கி எடுத்துச் செல்லலாம். நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், விடுதியின் பெயரையும் தேதியையும் அதன்மேல் குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். கைப்பேசியில் படமெடுக்க வந்தால் வேண்டாமென்று சொல்லலாம். கிழக்கு பார்த்த அறை கிடைக்குமா என்றும் கேளுங்கள். காற்று நன்றாக வரும்.