ஸ்டியரிங் ஒயில்: சிவப்பா, பச்சையா, ஹொண்டா போத்தலா?

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கடைக்குப் போய் "பவர் ஸ்டியரிங் ஒயில் தாங்கோ" என்றால், என்ன வாகனம் என்று கேட்காமலே சிவப்பு ஒயில் போத்தல் ஒன்றை எடுத்து வைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியில்லாத வாகனத்தில் அதே போத்தல், ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் சீல்களைக் கெடுத்து, பெரிய செலவு வைத்துவிடும்.

முதலில் உங்கள் காருக்கு ஒயில் தேவையா என்று பாருங்கள். வாகன் ஆர், விட்ஸ், அக்சியோ, அக்குவா எல்லாவற்றிலும் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவது மின் மோட்டார். ஊற்ற இடமே இல்லை. இந்தக் கார்க்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் வன்னி றோட்டுகளில் அதிகம் ஓடும் ஹையேஸ், ஹைலக்ஸ். இவற்றுக்குக் கொம்பனி சொல்வது ஏ.டி.எஃப்., அதாவது ஓட்டோ கியருக்கு ஊற்றும் அதே ஒயில். அதில் டெக்ஸ்ரன் II அல்லது III; டெக்ஸ்ரன் என்பது ஜெனரல் மோட்டோர்ஸ் கார்க் கொம்பனி வகுத்த ஒயில் தரம். சிவப்பு நிறம் வெறும் சாயம்தான், தரத்துக்கு அடையாளம் இல்லை. இன்னொன்று: டெக்ஸ்ரன் III-க்கு ஜெனரல் மோட்டோர்ஸ் கொடுத்துவந்த உரிமம் 2006 முடிவோடு நின்றுவிட்டது. இன்று போத்தலில் "டெக்ஸ்ரன் III-க்கு ஏற்றது" என்று இருந்தால், அது ஒயிலை அடைத்தவரின் சொந்த வாக்கு. அதனால் தெரிந்த கொம்பனியின் சீல் உடையாத போத்தலாக வாங்குங்கள். பீப்பாவில் இருந்து அளந்து தருவதை நான் வாங்குவதில்லை. டெக்ஸ்ரன் VI என்பது III-ஐ விடச் சற்று மெல்லிய ஒயில். ஒயிலைத் தள்ளும் பம்ப் தேய்ந்துபோன பழைய வானுக்கு III போதும் என்பது என் எண்ணம்.

"எல்லா வாகனத்துக்கும்" என்று எழுதிய பவர் ஸ்டியரிங் போத்தலும் கடையில் நிற்கும். ஹையேஸுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பல போத்தல்களில் 354 மில்லிலீற்றர்தான் இருக்கும், ஏ.டி.எஃப். ஒரு லீற்றர் வரும். லீற்றர் கணக்கில் விலையைப் பார்த்தால் ஹையேஸ்காரருக்கு அது வீண் காசு. மற்ற வாகனக்காரர் வாங்குவதென்றால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். முன்பக்கத்தில் "எல்லா" என்று இருக்கும், பின்பக்கத்தில் "இவை தவிர" என்று இருக்கும்.

மூன்றாவது ஒயில் கடையில் இல்லை, வீட்டுக் கொட்டிலில் இருக்கிறது. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய ஹைட்ரோலிக் ஒயில். வயல்காரர் வீடுகளில் ஒரு கானாவது நிற்கும். ஸ்டியரிங் முனகத் தொடங்கியதும் கை அதற்குத்தான் போகும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது, இருப்பதை ஊற்றி ஓட்டும் பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ஒயில் ஏ.டி.எஃப்.ஐ விடத் தடித்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பம்ப் அதை இழுக்கச் சிரமப்பட்டுச் சத்தம் போடும். ஒரு நாள் அவசரத்துக்கு ஓடும், நிரந்தரமாக விடாதீர்கள்.

பிரேக் ஒயில் மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். அது கிளைக்கோல் வகை. கனிம எண்ணெய்க்கென்று செய்த றப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தவறி ஊற்றினால் ஸ்டார்ட் பண்ணாமலே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பழைய சிவிக், சி.ஆர்.வி. வைத்திருப்பவர்கள் சிவப்பைத் தொடாமல் ஹொண்டாவின் சொந்த ஒயிலையே வாங்குங்கள். ஹொண்டா கைநூல் ஏ.டி.எஃப். வேண்டாம் என்றே சொல்கிறது; அதன் சீல்களுக்கு அது ஒத்துவராது. விலை கூட என்றாலும் ஒயில் தாங்கிக்குள் கொள்வது கொஞ்சம்தானே. பி.எம்.டபிள்யூ., ஃபொக்ஸ்வாகன் மாதிரி ஐரோப்பியக் கார்களில் பல, பென்டோசின் சி.எச்.எஃப். 11எஸ் போன்ற பச்சை ஒயில் கேட்கும். பெரும்பாலும் தாங்கியின் மூடியிலேயே எழுதியிருக்கும். மூடியில் சி.எச்.எஃப். என்றால் சி.எச்.எஃப்.தான், சிவப்போடு கலக்கக் கூடாது. பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தெரிந்தவரைப் பிடித்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம்.

எந்த ஒயிலானாலும் ஊற்றும்போது எங்கள் ஊரில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கக் கிரவல் றோட்டில் ஓடிய வாகனத்தின் பொனெற்றைத் தூக்கிப் பாருங்கள்: மூடியைச் சுற்றிச் செம்மண் பூசினாற்போல இருக்கும். அப்படியே திருகினால் மண் முழுக்க உள்ளே விழும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறவுங்கள். ஒயில் கறுத்து, கருகிய மணம் வந்தால் மேலே நிரப்பி வேலையில்லை, முழுதாக மாற்றுங்கள். நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது.

ஒயில் அடிக்கடி குறைந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் றேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு மடிப்பான றப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்தால் புழுதி நேரே சீலுக்குப் போகும். உறை புதியது போடுவது சின்ன வேலை, றேக் கழற்றுவது பெரிய வேலை.

கசிவை நிறுத்தும் போத்தல்? அது செய்வது காய்ந்த சீலைக் கொஞ்சம் ஊதவைப்பது. கிழிந்த சீலுக்கு அது மருந்தாகாது. அறுவடை நேரம், வாகனத்தை நிறுத்த முடியாது என்றால் ஊற்றி ஓட்டுங்கள். நெல்லேற்றி முடிந்ததும் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சீலை மாற்றி, அந்த ஒயிலையும் முழுதாக இறக்கிவிடச் சொல்லுங்கள்.