பெயர்ச்சீட்டை நம்பி வாங்கிய ஆறு ரீகாயில் ஸ்பிரிங்குகள்

1911 வகைக் கைத்துப்பாக்கி வைத்திருந்து, அதற்கான மாற்று ரீகாயில் ஸ்பிரிங்குகளை (சுட்டதும் பின்னால் பாயும் மேல்பகுதியான ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளும் சுருள்வில்களை) துப்பாக்கிச் சந்தையில் உதிரியாக வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சஸில் நடந்த அத்தகைய சந்தை ஒன்றில், ஒரு மேசைக்காரரிடம் முப்பது டாலர் கொடுத்து ஆறு ஸ்பிரிங்குகள் வாங்கினேன். எல்லாம் ஒரே ஜிப் பையில் இருந்தன. பையின் மேல் பேனாவால் "1911, 16 பவுண்டு, புதியது" என்று எழுதியிருந்தது. ஐந்து அங்குலக் குழலுள்ள, .45 ஏசிபி தோட்டா சுடும் துப்பாக்கிக்கு ஸ்பிரிங்கின் வழக்கமான வலு அந்த 16 பவுண்டுதான் என்பதால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஸ்பிரிங் தயாரிக்கும் உல்ஃப் நிறுவனத்தின் புதிய பொதிகளில் ரீகாயில் ஸ்பிரிங்குடன், தோட்டாவைத் தட்டும் ஊசிக்கான ஃபயரிங் பின் ஸ்பிரிங் ஒன்றும் சேர்ந்தே வரும். இந்தப் பையில் அப்படி ஒன்றும் இல்லை என்பதையாவது கவனித்திருக்கலாம்.

அடுத்த வாரம் அவற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். வழக்கமாக எனக்கு வலப்புறம் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி விழும் வெற்றுத் தோட்டா உறைகள், அன்று பக்கத்துத் தடுப்பையும் தாண்டிப் போய் விழுந்தன. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு பின்னால் வந்து துப்பாக்கியின் சட்டத்தில் மோதுவதை உள்ளங்கையில் உணர முடிந்தது. ஸ்பிரிங் வலுவிழந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டியபோது, ஸ்லைடு முழுவதும் முன்னேறாமல் இரண்டு முறை பாதியில் நின்றது. அத்துடன் சுடுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆறையும் வரிசையாக வைத்து அளந்தேன். இந்த அளவில் புதிய ஸ்பிரிங் ஏறத்தாழ ஆறரை அங்குல நீளம் இருக்க வேண்டும். இரண்டு, ஆறு அங்குலத்தைக்கூடத் தொடவில்லை. அவற்றின் சுருள்களில் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து பளபளத்தது; காதுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் கருப்பாகப் புகைக்கரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தாலும் ஏமாந்துதான் போவோம், ஏனென்றால் 9 மில்லிமீட்டர் 1911-க்கான 12 பவுண்டு ஸ்பிரிங்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஆகவே பார்சல் தராசின் மேல் ஒரு மரக்குச்சியை நிறுத்தி, குச்சியின் எடையைக் கழித்துவிட்டு, ஸ்பிரிங்கை அதில் கோத்து, துளையிட்ட மரத்துண்டால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1.625 அங்குலத்துக்கு அழுத்தி எடை பார்த்தேன். ஸ்லைடு முழுவதும் பின்னால் போகும்போது ஸ்பிரிங் சுருங்கி நிற்கும் அளவு அதுதான். 16 பவுண்டு என்பதும் அந்த நிலையில் அளக்கப்படுவதே. மூன்று ஸ்பிரிங்குகள் 12-ஐ ஒட்டியும், நீளம் குறைந்த இரண்டும் 14-க்குக் கீழேயும் காட்டின. எழுதியிருந்தபடி இருந்தது ஒன்றே ஒன்று.

இரண்டு மாதம் கழித்து அந்த மேசைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, "நான் கொடுத்தது வேறு, நீங்கள் உங்களுடையவற்றைக் கலந்துவிட்டீர்கள்" என்றார். கலக்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், பிரிப்பதற்கு முன் அளந்திருந்தால் அவர் வாய் அடைத்திருக்கும். ஸ்பிரிங்கின் உடம்பில் எந்த எழுத்தும் கிடையாது. பையிலிருந்து வெளியே வந்த நொடியிலேயே அது யாருடையது, எத்தனை பவுண்டு என்ற விவரமெல்லாம் போய்விடுகிறது. கிளாக் கைத்துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கும் தண்டும் ஒரே கோப்பாக வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கேயும் நான்காம் தலைமுறையின் இரட்டை ஸ்பிரிங் கோப்பு மூன்றாம் தலைமுறைத் துப்பாக்கிக்குப் பொருந்தாது என்பதால், கைமாறி வரும் உதிரிகளில் கவனம் தேவை.

இப்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனிப் பையில் இருக்கிறது. எந்தத் துப்பாக்கிக்கு, எத்தனை பவுண்டு, வாங்கிய நாளில் எவ்வளவு நீளம் என்று ஓர் அட்டையில் எழுதி அதற்குள்ளேயே போட்டிருக்கிறேன். பைக்கு வெளியே எழுதினால் எண்ணெய் பட்டு மை கரைந்துவிடுகிறது. மாட்டும் நாளில் அதே அட்டையில் தேதியைக் குறித்து, சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டே வருகிறேன். 2000-ஐத் தாண்டியதும் நீளத்தை அளந்து பார்த்து மாற்றிவிடுகிறேன். துரு பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். சும்மா கிடப்பதால் ஸ்பிரிங் தளர்வதில்லை. சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும்தான் அதன் ஆயுள் தேய்கிறது.

அந்த ஐந்தையும் வேறு யாருடைய மேசையிலும் மறுபடி ஏறாதபடி கட்டரால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.