விண்டி, இன்காய்ஸ், வானிலை மையம்: குளச்சல் கரையிலிருந்து சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் அண்ணனும் மச்சானும் பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். கரையில் இருந்து கடல் கணிப்பு பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஒக்கிப் புயலுக்கு அப்புறம் தொடங்கிய பழக்கம் இது. 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய் ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் செய்தி சேர வழியில்லை. அந்த வாரத்தைப் பார்த்த யாருக்கும் கணிப்பு என்பது பொழுதுபோக்காக இருக்காது.

காற்றுக்கு விண்டி ஆப்தான். அதில் ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன் (மாடல் என்றால் கணினி போடும் வானிலைக் கணிப்பு). இரண்டும் ஒரே மாதிரி காட்டினால் மூன்று நாள் வரை தைரியமாக நம்பலாம், ஆளுக்கொரு கதை சொன்னால் மறுநாள் கணிப்பு புதுசாக வரும்வரை முடிவு எடுப்பதில்லை. அஞ்சாறு நாளைக்கு அப்பால் காட்டுவதை வைத்து ஐஸுக்கும் டீசலுக்கும் பணம் போடாதீர்கள்.

ஆனால் எங்கள் கரையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று இல்லை, தூரத்திலிருந்து வரும் அலைதான். இதை அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன். நிறைய பேர் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆப்பை மூடிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ‘ஸ்வெல் பீரியட்’ என்று வினாடிக் கணக்கில் ஒரு எண் இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அர்த்தம். மேற்கிலிருந்து 1.8 மீட்டர், 7 வினாடி என்றால் வள்ளம் குலுங்கும், உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். தென்மேற்கிலிருந்து 1.4 மீட்டர், 17 வினாடி என்றால் நான் போக வேண்டாம் என்பேன். ஆழக்கடலில் 7 வினாடி அலையின் நீளம் 75 மீட்டர் சுமார், 17 வினாடி அலைக்கு 450 மீட்டர். வெளியே இருக்கும்போது ஏறி இறங்குவதே தெரியாது. கரைப்பக்கம் ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து அப்படியே உயர்ந்து எழும்பும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மணல் மேடும் இந்த அலையும் சேர்ந்தால் வள்ளம் ஓட்டுவதில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த அலை பிறப்பது நம் கடலிலேயே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிட்டு, நாலைந்து நாள் ஓடி இங்கே வந்து சேர்கிறது. வானம் வெளுத்திருக்கும், காற்று அசையாது, கடல் மட்டும் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட நாட்களில்தான். இப்படிச் சொல்லாமல் ஏறும் கடலைத்தான் கள்ளக்கடல் என்பார்கள், அதற்கான எச்சரிக்கை அப்போது வந்திருந்தது. கடலே தெரியாத பிள்ளைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? இன்னும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இந்த விஷயத்தில் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம்தான் எனக்கு முதல் இடம். ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று நம் கரையைப் பேர் சொல்லி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எவ்வளவு உயரம் என்று அறிவிப்பு வரும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், அவர்கள் சொல்லும் உயரம் இருப்பதில் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்றிரண்டு அதைப்போல இரு மடங்கு வரை வரலாம்.

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65’ என்ற வரி அடிக்கடி வரும். ‘மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல்’ என்று பெரிய பரப்புக்குப் பொதுவாகப் போடுகிறார்கள். வாடைக் காலத்தில் இலங்கைக்கும் நமக்கும் இடையே காற்று நெருக்கியடித்து வரும்போது கன்னியாகுமரி முனைக்குக் கிழக்கே கடுமையாக இருக்கும், குளச்சல் பக்கம் சாந்தமாக இருக்கும். அன்றைக்குச் சும்மா இருந்தால் வீட்டில் பணம் இல்லை, அந்த வலி எனக்கும் தெரியும். இருந்தாலும் எச்சரிக்கை இருந்தால் எங்கள் வள்ளம் இறங்காது. ஆப்பில் பச்சையாகத் தெரிகிறது என்று எச்சரிக்கையை மீறிப் போவதற்கு நான் துணை நிற்க மாட்டேன். எச்சரிக்கை இல்லாத நாளில் போகலாமா, எத்தனை மணிக்குத் திரும்பணும் என்று பார்க்கத்தான் ஆப்.

எந்த மாடலும் சரியாகப் பிடிக்காதது இடிமழையோடு வரும் திடீர்க் காற்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். அதற்குத் திருவனந்தபுரம் ரேடார் படம்தான் வழி. மேகம் சிவப்பாகத் திரண்டால் வள்ளத்துக்குச் செய்தி கொடுப்பேன், போன் எடுக்கவில்லை என்றால் கரையில் விஎச்எஃப் வயர்லெஸ் வைத்திருப்பவரிடம் ஓட வேண்டும்.

இப்போதைக்கு எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றுதான்: முகத்துவாரத்துக்கென்று தனிக் கணிப்பு எங்கள் கைக்கு வரவில்லை. மாவட்டம் முழுக்க ஒரே உயரம் சொன்னால் போதாது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, வாய்ப்பகுதியில் ஆழம் எவ்வளவு, வேலியேற்றமா (கடல் ஏறும் நேரமா) வற்றமா (இறங்கும் நேரமா) என்று சேர்த்து மணிக்கு மணி சொன்னால், திரும்பி வரும் வள்ளம் உள்ளே நுழைவதா வெளியே காத்திருப்பதா என்று முடிவு செய்ய முடியும்.