நெஞ்செலும்பு வலி: மாத்திரையா, கரண்டா, கையா, சுருட்டிய துண்டா?

போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் மூன்று வாரம் விடவில்லை. ஒருவழியாக இருமல் போனது, நெஞ்சு வலி மட்டும் தங்கிவிட்டது. மார்பெலும்புக்குச் சற்று இடதுபுறம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். மும்பையில் செம்பூரில் ஏறி சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் சுருக்கென்று இழுக்கும். தும்மினால் கண்ணில் தண்ணீர் வரும். "வாய்வுதான்டா, மோரில் பெருங்காயம் போட்டுக் குடி" என்றார் அத்தை.

குடித்தேன். அதற்கு முன் ஈசிஜி எடுத்துவிட்டேன். எனக்கு 43 வயது, அப்பாவுக்கு இதய நோய் இருந்தது. டாக்டர் அந்த இடத்தை அழுத்த, நான் துள்ளினேன். "அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக இதயத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது" என்று சொல்லி ரத்தப் பரிசோதனையும் செய்த பிறகுதான் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ், அதாவது விலா எலும்பின் குருத்தெலும்பில் வரும் அழற்சி, என்று எழுதினார். இதில் மட்டும் நான் கறார். வியர்வை, மூச்சு முட்டல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் பிசியோவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு வலி, கீழே விழுந்த பின் வலி என்றாலும் முதலில் டாக்டர்தான்.

விலா எலும்பு 12 ஜோடி. மேலே உள்ள 7 ஜோடி குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பில் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் 2 முதல் 5 வரையிலான விலாக்களின் இணைப்பில்தான் இந்த வலி வரும். அங்கே வீக்கமும் தெரிந்தால் அது டீட்ஸே நோய்க்குறி. 1921-ல் அலெக்சாண்டர் டீட்ஸே என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரித்தது. முழங்கால் வலித்தால் நடக்காமல் உட்காரலாம். இதற்கு அப்படி ஓய்வு கொடுக்க வழியில்லை. நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்தாலும் ஒரு நாளில் 17,000 தடவைக்கு மேல் விலா அசைகிறது.

முதலில் மாத்திரை. ஐபுப்ரோஃபென் வகை வலியைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஐந்தாறு நாளில் எனக்கு நெஞ்செரிச்சல் வந்து, எது எந்த வலி என்று தெரியாமல் போனது தனிக் கூத்து. வயிற்றுப்புண், சிறுநீரகத் தொல்லை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் விழுங்கக் கூடாது. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் வயிற்றுக்கு அவ்வளவு தொந்தரவு தராது.

அடுத்தது தாராவியில் சுளுக்கெடுக்கும் அண்ணாச்சி. மனிதர் கெட்டிக்காரர், என் கணுக்காலை ஒரு தடவை சரிசெய்தவர். ஆனால் வலிக்கிற குருத்தெலும்பின் மேலேயே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் வலி கூடுமே தவிரக் குறையாது. எனக்குக் கூடியது. இரண்டு ராத்திரி மல்லாந்துதான் படுத்தேன்.

அப்புறம் பிசியோதெரபி கிளினிக். நான் முதலில் போன இடத்தில் தொட்டுப் பார்க்கவே இல்லை. படுக்கச் சொல்லி, முதுகில் நான்கு பட்டையை ஒட்டி, 15 நிமிடம் கரண்ட் வைத்தார்கள். அதன் பிறகு அல்ட்ராசவுண்ட், ஒத்தடம். பத்து சிட்டிங் பேக்கேஜ், 5,000 ரூபாய், முன்பணம். கரண்ட் வைக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். வலிச் செய்தியை நரம்பில் கொஞ்ச நேரம் மழுங்கடிக்கிற வேலை அது. வீடு வந்து சேர்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. நாலாவது நாள் நிறுத்திவிட்டேன். மீதிப் பணம் வரவில்லை.

இரண்டாவது பிசியோ, மாட்டுங்காவில், ஒரு மராத்தியப் பெண். சிட்டிங்குக்கு 600 ரூபாய். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகெலும்பின் ஓரமாக இரண்டு கட்டைவிரல்களால் ஒவ்வொரு விலாவாக அழுத்திக்கொண்டே இறங்கினார். வலதுபக்கம் ரப்பர் மாதிரி கொடுத்தது. இடதுபக்கம் மூன்றாவது, நான்காவது இடத்தில் பலகைதான். "இது திறக்கவில்லை, அதனால் முன்னால் இழுக்கிறது" என்றார் ஹிந்தியில். விலா பின்னாலும் முதுகெலும்போடு மூட்டாக இணைகிறது. அங்கே இறுகினால் மூச்சுக்குத் தேவையான அசைவு முழுவதும் முன்பக்க இணைப்பின் தலையில் விழும் என்பது அவர் கணக்கு. இதைப் பற்றிய பெரிய ஆய்வுகள் குறைவுதான். என் உடம்பில் அந்தக் கணக்கு சரியாக வந்தது. எழுந்து ஆழமாக மூச்சிழுத்தபோது சுருக்கென்பது பாதிதான் இருந்தது.

கை வைத்தியம் எல்லோருக்கும் ஆகாது. எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கும், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் விலாவை அழுத்தி நெட்டி முறிப்பது ஆபத்து. ஊசி குத்தும் டிரை நீடிலிங்கை நெஞ்சுப் பக்கம் செய்கிறேன் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழும்.

மூன்றாவது சிட்டிங்கில் அவரே, "இனி வராதீர்கள், வீட்டில் செய்யுங்கள்" என்றார். ஒரு குளியல் துண்டை இறுக்கச் சுருட்டி, தோள்பட்டைக்குக் கீழே முதுகுக்குக் குறுக்காக வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். கை தலைக்குப் பின்னால். மெதுவாக ஐந்து மூச்சு, பிறகு துண்டை ஒரு அங்குலம் மேலே நகர்த்தி மறுபடி ஐந்து. அது முடிந்ததும் கதவு நிலையில் முன்கையை வைத்து, இதமாக இழுக்கும் அளவுக்கு மட்டும் ஒரு அடி முன்னால் வந்து 30 வினாடி, மூன்று தடவை. கடைசியாக இரு கையையும் கீழ் விலாவில் வைத்து, அது பக்கவாட்டில் விரியும்படி மூச்சு. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொன்னார், அது கைமேல் பலன் தந்தது. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம்.

செலவில்லாத இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றால், எனக்குத் தோன்றவில்லை. செய்தாலும் துண்டை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது. அதனால் பேக்கேஜ் வாங்காதீர்கள். கையால் தொட்டுப் பார்க்கிற ஒருவரிடம் இரண்டு மூன்று சிட்டிங் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பணம் கஷ்டம் என்றால் சயான், கேஇஎம் மாதிரி மாநகராட்சி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, கட்டணம் குறைவு, காலைப் பொழுது வரிசையில் போகும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ தானாகவே போகும் வலி இது. ஆகவே எனக்குக் குணமானதில் துண்டுக்கு எவ்வளவு பங்கு, நாளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

மாட்டுங்கா பிசியோ சொன்னதில் கடைப்பிடிக்கக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான்: பையை நெஞ்சுப் பக்கம் மாட்டக் கூடாது. மும்பை லோக்கலில் பையை முன்பக்கம் மாட்டுவதுதான் வழக்கம், முதுகில் மாட்டினால் பின்னால் நிற்பவர் திட்டுவார். லேப்டாப்போடு அந்தப் பை சரியாக வலிக்கிற இடத்தில் போய் இடிக்கும். இப்போதெல்லாம் ஏறியதும் உள்ளே நிற்பவரிடம் கொடுத்து மேலே ராக்கில் வைக்கச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எம்டியில் எல்லோரும் இறங்கிய பிறகு வலது கையால் எடுத்துக்கொள்கிறேன்.