டிரெய்லர் லைட் எரியவில்லையா? டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

அறுவடைக் காலத்தில் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் கிளம்புகின்றன. கொஞ்ச தூரமாவது நான்குவழிச் சாலையில் ஏறி இறங்காமல் பல ஊர்களுக்குப் போக முடியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கும் 20 கிலோமீட்டரில் போகும் டிராக்டருக்கும் நடுவே உள்ள தூரம் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் குறைகிறது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் லாரி ஓட்டுநருக்கு வைக்கோல் போர் தெரிவதே கடைசி நேரத்தில்தான். அதனால் டிரெய்லர் லைட்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது.

சரி, எரியாத லைட்டை எதை வைத்துத் தேடுவது? ஒரு பக்கம் டெஸ்ட் லேம்ப்: பழைய ஹோல்டரில் 21 வாட் பல்பு, இரண்டு ஒயர், ஒரு கிளிப். இன்னொரு பக்கம் டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டர் எண்ணைக் காட்டுகிறது என்பதால் அதுதான் துல்லியம் என்று பலர் நம்புகிறார்கள். டிரெய்லர் வேலையில் அந்த நம்பிக்கை பாதி நேரம் ஏமாற்றிவிடும்.

காரணம் எளிது. டிஜிட்டல் மீட்டர் அளக்கும்போது ஒயரிலிருந்து ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை. பச்சை பூத்து, உள்ளே ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். 'கரண்ட் வருதே' என்று நாம் பல்பை மாற்றுவோம், ஹோல்டரை மாற்றுவோம், லைட் மட்டும் எரியாது. ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி பீப் சத்தமும் இப்படித்தான், ஒரு இழை இருந்தாலே கத்தும். 21 வாட் பல்புக்கோ 1.75 ஆம்பியர் வேண்டும். நைந்த ஒயரில் அதை வைத்தால் மங்கும், அல்லது எரியவே எரியாது. பிரேக் லைட்டுக்குத் தேவையான அதே சுமையைக் கொடுத்துப் பார்ப்பதால் டெஸ்ட் லேம்ப் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

அதனால் முதல் தேடலுக்கு என் ஓட்டு டெஸ்ட் லேம்புக்குத்தான். கிளிப்பை டிராக்டர் பேட்டரியின் மைனஸில் மாட்டி, டிரெய்லர் ஒயரைச் செருகும் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பாருங்கள். ஏழு பின் சாக்கெட் வழக்கமான முறையில் ஒயரிங் செய்யப்பட்டிருந்தால் 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக், 5-ம் 7-ம் பார்க் லைட், 3 எர்த் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). ஊரில் ஒயரிங் மாற்றிய வண்டிகளில் ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், சுவிட்சைப் போட்டுப் பார்த்தே உறுதி செய்யுங்கள். இந்த லைட் பின்கள் எல்லாவற்றிலும் பல்பு பளிச்சென்று எரிந்து, கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி 3-ஐத் தொடும்போதும் அப்படியே எரிந்தால் டிராக்டர் பக்கம் குறையில்லை, கோளாறு டிரெய்லரில்தான்.

டிரெய்லரில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த். பிரேக் மிதித்தால் பார்க் லைட் லேசாக எரிவது, ஒரு இண்டிகேட்டர் போட்டால் எல்லா லைட்டும் சேர்ந்து மினுக்குவது, பள்ளத்தில் இறங்கினால் அணைந்து எரிவது எல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். டிரெய்லரில் எர்த் கிடைக்காத மின்சாரம், பக்கத்து பிலமென்ட் வழியாகத் திரும்பி டிராக்டர் பக்கத்து லைட்டுகளில் வழி தேடுகிறது. இதைச் சோதிக்க டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸுக்கு மாற்றி, முனையால் லைட்டின் எர்த் ஒயரைத் தொடுங்கள். பேட்டரியில் நேராக வைத்தபோது இருந்த வெளிச்சம் அப்படியே வர வேண்டும்.

எர்த் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கத்தான் மல்டிமீட்டர் வேண்டும். லைட்டை எரிய விட்டுக்கொண்டே, ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு வோல்ட் வந்தால் வழியில் எங்கோ அடைப்பு. முனையைச் சிறிது சிறிதாக முன்னால் நகர்த்துங்கள், எண் சட்டென விழும் இடத்தில்தான் கெட்ட இணைப்பு. இந்த வேலையில் மீட்டருக்கு ஈடு வேறில்லை. அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு கிடைத்த பிறகு இன்னொரு தேர்வு வருகிறது: பாடி எர்த்தா, தனி எர்த் ஒயரா? இங்கே பல டிரெய்லர்களில் லைட்டின் எர்த் சட்டத்தில்தான் முடிகிறது. அங்கிருந்து கொக்கி வழியாகத்தான் டிராக்டருக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கொக்கியில் கிரீஸும் மண்ணும் துருவும் இருக்கும். நின்றிருக்கும்போது எரியும் லைட், ஓடும்போது தகராறு செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. ஒயர்க்காரர்கள் மிச்சப்படுத்தும் ஒரே ஒயர் இதுதான், அது எனக்குப் பெரிய வருத்தம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை மூன்றாவது பின்னிலிருந்து ஒவ்வொரு லைட்டின் எர்த்துக்கும் நேராக இழுத்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் மழைத் தண்ணீர் இறங்கிவிடும், ஈயம் வைத்து ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் குழாய்) போடுங்கள்.

எல்.இ.டி.க்கு மாறியவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அதிர்வில் அறுபட பிலமென்ட் இல்லை, மின்சாரமும் குறைவாகவே வேண்டும். ஆனால் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. கெட்ட எர்த்திலும் ஓரளவு எரிந்துகொண்டிருப்பதால் கோளாறு வெளியே தெரியாது, மேலே சொன்னபடி டெஸ்ட் லேம்பால் எர்த்தைச் சோதித்துப் பாருங்கள். இண்டிகேட்டர் படபடவென மின்னினால், அதை மினுக்க வைக்கும் பிளாஷர், குறைந்த சுமையைப் பார்த்து, 'பல்பு போய்விட்டது' என்று நினைக்கிறது. ரெசிஸ்டர் போட்டாலும் சரியாகும், ஆனால் அது நன்றாகச் சூடேறும், வைக்கோலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. எல்.இ.டி.க்கான பிளாஷர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். டிராக்டரில் இன்னும் பல்புதான் என்றால், அந்தச் சுமைக்கும் ஏற்ற பிளாஷரா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணினி வழியாக லைட்டுகளைக் கண்காணிக்கும் புது பிக்கப்களில் 21 வாட் டெஸ்ட் லேம்பைக் கண்ட ஒயரில் எல்லாம் குத்தாதீர்கள். டிரெய்லர் சாக்கெட்டில் மட்டும் அதை வைத்துக்கொண்டு, உள் ஒயரிங்குக்கு மீட்டரைப் பயன்படுத்துங்கள்.