அரபு எழுச்சிகள் குறித்த இணைய வகுப்பு: தொழிற்சங்கக்காரர்கள் அவசியம் பார்க்கலாம்

அரபு நாடுகளின் மக்கள் எழுச்சிகளைச் சமூக அறிவியல் எப்படிப் பார்க்கிறது என்று ஓர் இணைய வகுப்பு. பணம் கட்டிச் சேர்ந்து முழுதாகப் பார்த்துவிட்டேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

தொடக்கப் பாடங்களைத் தாராளமாகத் தாண்டிவிடலாம். வேலையில்லாத இளைஞர்கள் பெருகினார்கள், கையில் ஃபேஸ்புக் வந்தது, கிளம்பிவிட்டார்கள் என்கிற அதே பழைய கதை. நல்லவேளை, பிறகு ஆசிரியரே அதைப் பிரித்துப் போடுகிறார். 2011 ஜனவரி 28 அன்று எகிப்து அரசு இணையத்தையும் கைபேசியையும் முடக்கியது. கூட்டம் குறையவில்லை, பெருகியது. ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அன்றைக்கே பல காவல் நிலையங்கள் எரிந்தன. கெய்ரோவின் ஏழைப் பேட்டைகளில் போலீஸ் வருடக்கணக்காகப் பறித்த மாமூலையும் கொடுத்த அடியையும் வைத்து அதை விளக்கும் இடம் அருமை.

கொடுத்த காசு துனீசியாப் பாடத்திலேயே தேறிவிடுகிறது. நான் தொழிற்சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், அதனாலும் இருக்கலாம். தள்ளுவண்டியில் பழம் விற்ற பூஅசீசி என்ற இளைஞர் தீக்குளித்தது 2010 டிசம்பர் 17. அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடியது ஜனவரி 14. நாலே வாரம். ஒரு தீப்பொறி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். இவர் 2008க்குப் போகிறார். கஃப்சா பாஸ்பேட் நிறுவனம் ஆளெடுத்த பட்டியலில் தில்லுமுல்லு என்று ரெதெயெஃப் என்ற சுரங்க ஊர் மாதக்கணக்கில் கொதித்தது. தேசியத் தொழிற்சங்கத்தின் வட்டாரத் தலைமை கைவிட்டது. உள்ளூர் ஆசிரியர் சங்கத்தினர் முன்னால் நின்றார்கள். பூஅசீசியின் ஊரான சிதி பூஸிதிலும் முதலில் வந்தவர்கள் இதே கீழ்மட்டச் சங்கக்காரர்களும் வக்கீல்களும்தான். ஜனவரி 12இல் ஸ்ஃபாக்ஸ் நகரமே வேலைநிறுத்தம் செய்தது. மேலிடம் கடைசியில்தான் அசைந்தது. சங்கத்தில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2011 வரை அரபு ஆட்சிகள் ஏன் கவிழ்வதில்லை என்று எழுதிக் குவித்த துறை, அப்புறம் ஏன் கவிழ்ந்தன என்று எழுதக் கிளம்பியதை ஆசிரியர் மழுப்பாமல் சொல்கிறார். அது பிடித்தது.

குறை என்றால், சிரியா, பஹ்ரைன், ஏமன் மூன்றையும் ஒரே பாடத்தில் திணித்திருக்கிறார்கள். சூடானுக்குச் சில நிமிடங்கள்தான். ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்றானதும் 2018 டிசம்பரில் அத்பரா ஏன் முதலில் எழுந்தது என்று கேட்டால், அது ரயில்வே தொழிலாளர் ஊர் என்பதோடு விட்டுவிடுகிறார். அந்த ஊரின் பழைய சங்க வரலாறு எங்கே? கேட்டு எழுதினேன், இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்று, வரைபடங்கள் கைபேசியில் தெரியாது, கணினியில் பாருங்கள்.